ஒரே கொலை வழக்கு, மூன்று முடிவுகள்

உத்தரப் பிரதேசத்தின் பிலிபித்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நான்கு பேர் கொல்லப்பட்ட வழக்கு அது. குற்றம் சாட்டப்பட்ட நால்வரில் ஒருவர் போலீஸ் மோதலில் செத்துப்போனார். மிச்சமிருந்த ஜீதா சிங், காஷ்மீரா சிங், ஹர்பன்ஸ் சிங் மூவருக்கும் 1975 மே மாதம் செஷன்ஸ் நீதிமன்றம் தூக்கு விதித்தது. அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. குற்றத்தில் மூவரின் பங்கும் ஒன்றுதான்.

அதன்பின் மூவரும் தனித்தனியே உச்ச நீதிமன்றம் போனார்கள். ஜீதா சிங்கின் மனு 1976-ல் ஓர் அமர்வின் முன் போய்த் தள்ளுபடியானது. காஷ்மீரா சிங் சிறையிலிருந்து அனுப்பிய மனு 1977-ல் வேறோர் அமர்வுக்குப் போய், தண்டனை ஆயுளாகக் குறைந்தது. ஹர்பன்ஸ் சிங்கின் மனு 1978-ல் மூன்றாவது அமர்வுக்குப் போய்த் தள்ளுபடி. சீராய்வு மனுவும் தள்ளுபடி. 1981 ஆகஸ்டில் கருணை மனுவும் நிராகரிப்பு. கூட்டாளிக்குத் தண்டனை குறைந்திருக்கிறது என்ற விஷயம் அந்த அமர்வின் கவனத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. 1981 அக்டோபர் 6 அன்று தூக்கு என்று நாள் குறித்தார்கள். ஹர்பன்ஸ் கடைசி நேரத்தில் ரிட் மனு போட்டுத் தடை வாங்கினார். ஜீதா சிங் மனு எதுவும் போடவில்லை. குறித்த நாளில் அவரைத் தூக்கிலிட்டார்கள். நான்கு மாதம் கழித்து, 1982 பிப்ரவரியில், ஹர்பன்ஸின் தண்டனையைக் குறைக்கும்படி குடியரசுத் தலைவருக்கு உச்ச நீதிமன்றமே பரிந்துரைத்தது. ஜீதா சிங்கும் மனு போட்டிருந்தால் உயிரோடு இருந்திருப்பார் என்பது அந்தத் தீர்ப்பைப் படிக்கும் யாருக்கும் புரியும்.

மரண தண்டனை பற்றி நம் ஊரில் நடக்கும் சண்டை எல்லாமே ‘இவன் சாகத் தகுந்தவனா இல்லையா’ என்ற ஒற்றைக் கேள்வியில் போய் முட்டி நிற்கிறது. அந்தக் கேள்விக்கு மூவர் விஷயத்திலும் ஒரே பதில்தான் வந்திருக்கும். ஆனால் ஒருவர் செத்தார், இருவர் பிழைத்தார்கள். எந்த மனு எந்த அமர்வுக்கு எந்த மாதம் போனது என்பதுதான் முடிவு செய்தது. இந்தத் தண்டனையின் அறத்தைப் பேச வேண்டுமென்றால், கோப்பு எந்த வழியாக, யார் கை மாறிப் போகிறது என்பதிலிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

முதல் கை செஷன்ஸ் நீதிபதியுடையது. 1955 வரை கொலைக்குத் தூக்கு கொடுக்கவில்லை என்றால் ஏன் கொடுக்கவில்லை என்று நீதிபதி காரணம் எழுத வேண்டியிருந்தது. 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதைத் தலைகீழாக்கியது: ஆயுள்தான் வழக்கம், தூக்கு கொடுத்தால் சிறப்புக் காரணம் எழுத வேண்டும். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக இப்போது இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 393-வது பிரிவு அது. குற்றவாளி என்று முடிவானபின் தண்டனை பற்றித் தனியாகக் கேட்க வேண்டும் என்பது 258(2). 1980-ல் பச்சன் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நான்குக்கு ஒன்று என்ற கணக்கில், தூக்கு செல்லும் என்றது. கூடவே ‘அரிதிலும் அரிதான வழக்கு’ என்ற கடிவாளத்தையும் மாட்டியது. குற்றத்தைப் போலவே குற்றவாளியையும் பார்க்க வேண்டும், அவர் திருந்தவே வாய்ப்பில்லை என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

காகிதத்தில் நன்றாக இருக்கும் இது கோர்ட் ஹாலில் எப்படி நடக்கிறது? காலையில் ‘குற்றவாளி’ என்று அறிவிப்பார்கள். ‘தண்டனை பற்றி என்ன சொல்கிறீர்கள்’ என்று கூண்டில் நிற்பவரைக் கேட்பார்கள். ‘நான் நிரபராதி, வயதான அம்மா இருக்கிறார், குழந்தைகள் இருக்கிறார்கள்’ என்பார் அவர். இலவச சட்ட உதவியில் வந்த வழக்கறிஞர் ‘முதல் குற்றம், வயது குறைவு, கருணை காட்டுங்கள்’ என்று இரண்டு வரி சொல்லி உட்கார்ந்துவிடுவார். பிற்பகலில் தூக்கு. தீர்ப்பில் ‘சமுதாயத்தின் மனசாட்சியை உலுக்கிய குற்றம்’ என்று ஒரு பத்தி வரும். குற்றவாளியைப் பற்றி அந்த இரண்டு வரிதான். திருந்த வாய்ப்பில்லை என்று அரசுத் தரப்பு ஒரு சாட்சியைக்கூட விசாரித்திருக்காது.

இதற்கு 1983-ன் மச்சி சிங் தீர்ப்பும் ஒரு காரணம். கொலை செய்த விதம், நோக்கம், சமூக விரோதத் தன்மை, பலியானவர்களின் எண்ணிக்கை, பலியானவர் யார் என்று ஐந்து தலைப்புகளைக் கொடுத்தது அது. ஐந்துமே குற்றத்தைப் பற்றியவை. கீழ்நீதிமன்றங்களுக்கு அது டிக் அடிக்கும் பட்டியலாகிவிட்டது. 1995-ல் ராவ்ஜி வழக்கில் இரண்டு நீதிபதிகள் அமர்வு இன்னும் ஒரு படி மேலே போய், குற்றத்தைப் பார்த்தால் போதும், குற்றவாளியைப் பார்க்க வேண்டியதில்லை என்கிற அளவுக்கு எழுதியது. 1996-ல் ராவ்ஜியைத் தூக்கிலிட்டார்கள். அவர் தீர்ப்பை மேற்கோள் காட்டியே பலருக்குத் தூக்கு உறுதியானது. 2009-ல் சந்தோஷ் பாரியார் வழக்கில் உச்ச நீதிமன்றம், ராவ்ஜி தீர்ப்பு பச்சன் சிங்குக்கு முரணானது, சட்டத்தைக் கவனிக்காமல் எழுதப்பட்டது என்று சொன்னது. 2012-ல் ஓய்வுபெற்ற நீதிபதிகள் 14 பேர், இப்படித் தவறாக உறுதி செய்யப்பட்ட 13 பேரின் தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் குடியரசுத் தலைவருக்கு எழுதினார்கள். ராவ்ஜிக்கு அந்தத் திருத்தத்தால் ஒரு பயனும் இல்லை.

2022 மே மாதம் வந்த மனோஜ் எதிர் மத்தியப் பிரதேசம் தீர்ப்புதான் முதல்முறையாக என்னென்ன காகிதம் வேண்டும் என்று வரிசைப்படுத்தியது. வயது, குழந்தைப் பருவத்தில் பட்ட வன்முறை, குடும்பம், படிப்பு, வருமானம், மனநோய் வரலாறு ஆகியவற்றை அரசே திரட்டித் தர வேண்டும். மனநல மதிப்பீடு வேண்டும். சிறையில் இருந்த காலத்து நடத்தை, செய்த வேலை, படித்த படிப்பு பற்றிச் சிறை அறிக்கை வேண்டும். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்ய எத்தனை நாள் ஆகும்? ஊருக்குப் போக வேண்டும், பள்ளிப் பதிவேட்டைத் தேட வேண்டும், அரசு ஆஸ்பத்திரிச் சீட்டுகளை எடுக்க வேண்டும், குடும்பத்தாரிடம் ஒருமுறை பேசினால் வாய் திறக்கவே மாட்டார்கள், பலமுறை போக வேண்டும். மாதக்கணக்கில் ஆகும் வேலையை மதிய உணவு இடைவேளைக்குள் முடிப்பதாகத்தான் பல தீர்ப்புகள் பாவனை செய்கின்றன.

அந்தப் பள்ளிப் பதிவேடு லேசான விஷயமில்லை. 1994-ல் புனேயில் ஐந்து பெண்களும் இரண்டு குழந்தைகளும் கொல்லப்பட்ட வழக்கில் நாராயண் சேத்தன்ராம் சௌத்ரி என்பவருக்குத் தூக்கு. உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ராஜஸ்தானில் அவர் படித்த பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் நிரானாராம் என்றிருந்தது. இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று நிறுவி, குற்றம் நடந்தபோது வயது 12 என்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு விடுதலை செய்தது 2023 மார்ச்சில். சிறார் சட்டப்படி அதிகபட்சம் மூன்று வருடம் சீர்திருத்த இல்லத்தில் இருந்திருக்க வேண்டியவர், 28 வருடம் சிறையில் கழித்தார். உச்ச நீதிமன்றம் தூக்கை உறுதி செய்யும்வரை எந்தக் கட்டத்திலும் அந்தப் பதிவேடு நீதிமன்றத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த கை உயர் நீதிமன்றம். தூக்கு விதித்த செஷன்ஸ் நீதிபதி, கைதி மேல்முறையீடு செய்தாலும் செய்யாவிட்டாலும் கோப்பை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும் (பிரிவு 407). சென்னையில் இதை ஆர்.டி., அதாவது ‘ரெஃபர்டு டிரையல்’ என்பார்கள். குறைந்தது இரண்டு நீதிபதிகள் சாட்சியம் முழுவதையும் புதிதாகப் படிக்க வேண்டும். பிறகு உச்ச நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள். 2014-க்கு முன்பு சீராய்வு மனுவை நீதிபதிகள் அறைக்குள்ளேயே பார்த்து முடித்துவிடுவார்கள். முகமது ஆரிஃப் வழக்குக்குப் பின் தூக்கு வழக்குகளில் மட்டும் திறந்த நீதிமன்றத்தில், அரை மணி நேரத்துக்கு மிகாமல், வாதாடலாம்.

இவ்வளவு சல்லடையும் என்ன செய்கிறது என்பதற்கு டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016-ல் வெளியிட்ட ஆய்வைப் பார்க்கலாம். 2000-க்குப் பின் விசாரணை நீதிமன்றங்கள் கொடுத்த தூக்குகளில், மேல்முறையீடு முடிந்தவற்றில் சுமார் 5 சதவீதம்தான் கடைசிவரை நின்றன. கால்வாசிக்கு மேற்பட்டவர்கள் முழுதாக விடுதலை ஆனார்கள். மேல்நீதிமன்றம் தவறைத் திருத்துகிறதே, அமைப்பு நன்றாகத்தானே வேலை செய்கிறது என்று இதைப் பார்த்துச் சொல்பவர்கள் உண்டு. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தவறும் ஒரு கையைப் பற்றி அப்படிச் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. தூக்குக் கைதிகளில் நான்கில் மூன்று பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள் என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. அது யாருக்கும் ஆச்சரியமாக இருக்காது.

மூன்றாவது கை அரசு. கருணை காட்டும் அதிகாரம் ஆளுநருக்கு அரசமைப்பின் 161-வது பிரிவில், குடியரசுத் தலைவருக்கு 72-ல். இருவருமே அமைச்சரவை சொல்வதைத்தான் செய்ய வேண்டும். தமிழர்களுக்கு இந்தக் கட்டம் நன்றாகத் தெரியும். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் முருகன், சாந்தன், பேரறிவாளன் மூவரின் கருணை மனு 2000-ல் டெல்லி போனது. நிராகரிப்பு வந்தது 2011 ஆகஸ்டில். பதினொரு வருடத்துக்கு மேல் கோப்பு தூங்கியது. செப்டம்பர் 9 என்று நாள் குறித்தபின் சென்னை உயர் நீதிமன்றம் ஆகஸ்ட் 30 அன்று தடை கொடுத்தது. 2014 ஜனவரி 21-ல் சத்ருகன் சௌஹான் தீர்ப்பில், காரணமில்லாத தாமதமே தண்டனையைக் குறைக்கப் போதும் என்று சொல்லி 15 பேரின் தூக்கை உச்ச நீதிமன்றம் ஆயுளாக்கியது. பிப்ரவரி 18 அன்று அதே வழியில் இந்த மூவரும் பிழைத்தார்கள்.

‘தாமதத்தால் கொலைகாரனுக்கு லாபமா’ என்ற கோபம் நியாயமானதுதான். ஆனால் தாமதம் யாருடையது என்று பாருங்கள். கைதி அடுத்தடுத்து மனு போட்டு இழுத்தடித்த காலம் வேறு; உள்துறை அமைச்சகத்தில் கோப்பு அசையாமல் கிடந்த காலம் வேறு. நீதிமன்றம் எண்ணுவது இரண்டாவதை. ஒவ்வொரு விடியலிலும் பூட்ஸ் சத்தம் கேட்டால் தனக்குத்தானோ என்று பதினொரு வருடம் காத்திருப்பது சட்டப் புத்தகத்தில் எந்தப் பிரிவிலும் இல்லாத தண்டனை.

2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 472-வது பிரிவு இதற்குக் காலக்கெடு வைத்திருக்கிறது. சிறைக் கண்காணிப்பாளர் தகவல் சொன்ன நாளிலிருந்து 30 நாளுக்குள் கருணை மனு. ஆளுநர் நிராகரித்தால் 60 நாளுக்குள் குடியரசுத் தலைவருக்கு. மாநிலத்தின் கருத்தும் ஆவணங்களும் வந்த 60 நாளுக்குள் மத்திய அரசு பரிந்துரை செய்ய வேண்டும். குடியரசுத் தலைவருக்குக் கெடு இல்லை, அதாவது கோப்பு தூங்கக்கூடிய ஒரு மேசை இன்னும் மிச்சம். ஒரே வழக்கில் பலர் இருந்தால் எல்லோரிடமும் மனு வாங்குவது கண்காணிப்பாளர் பொறுப்பு, எல்லா மனுக்களையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும் என்றும் இருக்கிறது. ஜீதா சிங்குக்கு நடந்தது இனி நடக்காமலிருக்க இது உதவும். 2020-ல் நிர்பயா வழக்குக் கைதிகள் நால்வரும் ஒருவர் பின் ஒருவராக மனு போட்டு, ஜனவரி 22, பிப்ரவரி 1, மார்ச் 3 என்று மூன்று தேதிகள் தள்ளிப்போனதையும் இது தடுக்கும். அதே பிரிவின் கடைசியில், இந்த முடிவை எந்த நீதிமன்றமும் ஆராயக் கூடாது என்று ஒரு வரி. கருணை மனு முடிவுகளை நீதிமன்றம் ஆராயலாம் என்று 1988-ல் கேஹர் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் சொன்னது அரசமைப்பை வைத்து. சாதாரணச் சட்டத்தின் ஒரு வரி அதை எப்படி அடைக்கும் என்று தெரியவில்லை.

கடைசிக் காகிதம் மரண வாரண்ட். நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் தண்டிக்கப்பட்ட அஃப்சல் குருவை 2013 பிப்ரவரி 9 அன்று திகாரில் தூக்கிலிட்டார்கள். குடும்பத்துக்கு அனுப்பிய ஸ்பீட் போஸ்ட் காஷ்மீர் போய்ச் சேர்ந்தது இரண்டு நாள் கழித்து. மனு நிராகரிப்பைச் சொன்ன பின் குறைந்தது 14 நாள் இடைவெளி வேண்டும் என்று 2014-ல் விதி வந்தது. அப்படியும் 2015 மே மாதம் ஷப்னம் வழக்கில், உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளிய ஆறே நாளில் அம்ரோஹா செஷன்ஸ் நீதிபதி தேதிகூடக் குறிப்பிடாமல் வாரண்டில் கையெழுத்துப் போட்டார். சீராய்வுக்கான 30 நாள் அவகாசம் அப்போது முடிந்திருக்கவில்லை. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

இனி எதிர்த்தரப்பு. தூக்கு வேண்டும் என்பவர்களை ரத்தவெறியர்கள் என்று ஒதுக்குவது சோம்பேறித்தனம். குற்றங்களைத் தடுக்கும் என்ற வாதத்தை விட்டுவிடலாம். அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கழகம் 2012-ல் பல பத்தாண்டு ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, தடுக்கிறது என்றோ தடுக்கவில்லை என்றோ சொல்ல அவை உதவாது என்றது. ஈடு என்ற வாதம்தான் கனமானது: சில கொடுமைகளுக்குச் சிறைவாசம் என்பது செத்தவரின் உயிரை மலிவாக்குவது. பெற்ற குழந்தையைப் பறிகொடுத்தவர் இதைச் சொல்லும்போது எதிர்த்துப் பேச நாக்கு எழாது. அதன் பின்னால் ஒரு பயமும் உண்டு: ‘ஆயுள்னா பதினாலு வருஷம், வெளிய வந்துடுவான்.’ இது தவறு. ஆயுள் என்றால் சாகும்வரை என்று கோபால் கோட்சே வழக்கிலேயே 1961-ல் சொல்லியாகிவிட்டது. 14 வருடம் என்பது அதற்கு முன்னால் அரசு விடுவிக்கவே கூடாது என்ற கீழ் எல்லை. ஆனால் கட்சித் தலைவர் பிறந்தநாள், நூற்றாண்டு விழா என்று கும்பலாக முன்விடுதலை நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த விளக்கம் ஒட்டாது. தர்மபுரியில் 2000-ல் வேளாண் கல்லூரி மாணவிகள் மூவரைப் பேருந்தோடு எரித்த வழக்கில் தூக்கு 2016-ல் ஆயுளாகி, 2018-ல் குற்றவாளிகள் மூவரும் வெளியே வந்துவிட்டார்கள். அந்தப் பெற்றோரின் கசப்புக்குச் சட்டத்தில் பதில் இல்லை.

இதற்குத்தான் 2008-ல் சுவாமி ஷ்ரத்தானந்தா வழக்கில் ஒரு நடுவழி போட்டார்கள்: 20, 25, 30 வருடம், அல்லது உயிருள்ளவரை முன்விடுதலையே கிடையாது என்று நீதிமன்றமே கட்டலாம். 2015 டிசம்பரில் ஐவர் அமர்வு இதை ஏற்றது; உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் மட்டுமே இப்படி விதிக்கலாம். செஷன்ஸ் நீதிபதிக்கு அந்த அதிகாரம் இல்லை. ஆகவே 14 வருடம் என்ற பயம் பிடித்த நீதிபதிக்குக் கையில் இருப்பது இரண்டே கதவு, அவர் தூக்கைத் திறக்கிறார். கீழே இத்தனை தூக்கு விழுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறோம்.

2015-ல் சட்ட ஆணையத்தின் 262-வது அறிக்கை தூக்கை ஒழிக்கச் சொன்னது, பயங்கரவாதம் தவிர. அந்த விதிவிலக்கு அரசியலுக்குப் புரியும், தர்க்கத்துக்குப் புரியாது. நடைமுறைப் பாதுகாப்பு மிகவும் மெலிந்திருப்பது அந்த வழக்குகளில்தான். அன்றைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவில் போலீஸ் எஸ்.பி. பதிவு செய்த வாக்குமூலமே சாட்சியம். உயர் நீதிமன்றம் என்ற படியே கிடையாது. ராஜீவ் வழக்கில் பூந்தமல்லி நீதிமன்றம் 1998 ஜனவரியில் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் 19 பேரைக் கொலைச் சதியிலிருந்து விடுவித்தது. தடாக் குற்றமே நடக்கவில்லை என்று சொல்லிவிட்டு, தடாவில் எடுத்த வாக்குமூலத்தை மட்டும் வைத்துக்கொண்டது. தான் வாங்கித் தந்த, வெடிகுண்டுக்குப் பயன்பட்டதாகச் சொல்லப்பட்ட பேட்டரி எதற்கு என்று தெரியாது என பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதவில்லை என்று, அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி ஓய்வுக்குப் பின் 2013-ல் சொன்னார்.

2011-ல் மூவர் உயிருக்காகத் தமிழ்நாடு கொதித்தது. சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அந்தக் குரல்களில் பல, அடுத்த சிறுமி கொலை வழக்கில் ‘நடுத்தெருவில் தூக்கில் போடு’ என்று மாறியது. சென்னைப் புறநகரில் 2017-ல் நடந்த அப்படியொரு வழக்கில், வழக்கறிஞர் இல்லாத நிலையிலேயே குற்றச்சாட்டு வனைந்து, 2018 பிப்ரவரியில் குற்றவாளி என்ற தீர்ப்பையும் தூக்கையும் ஒரே நாளில் கொடுத்தார்கள். வேகத்தை எல்லோரும் பாராட்டினார்கள். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. பாராட்டிய அதே வேகம்தான் வழக்கைக் கெடுத்தது.

நொய்டாவின் நிதாரியில் குழந்தைகள் கொல்லப்பட்ட வழக்கு இன்னும் மோசம். சுரேந்திர கோலிக்கு 2009-ல் தூக்கு. உயர் நீதிமன்றம் உறுதி செய்தது, 2011-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது, கருணை மனுவும் போனது. 2014 செப்டம்பரில் மீரட் சிறையில் எல்லாம் தயார். நள்ளிரவு தாண்டி உச்ச நீதிமன்றத்தில் தடை கிடைத்தது. 2015-ல் தாமதத்தைக் காட்டி அலகாபாத் உயர் நீதிமன்றம் ஆயுளாக்கியது. அதே வாக்குமூலத்தையும் அதே எலும்புக் கண்டெடுப்புகளையும் நம்பியிருந்த மற்றப் பன்னிரண்டு வழக்குகளில் 2023-ல் விடுதலை வந்தது. அறுபது நாள் போலீஸ் காவலுக்குப் பின் எடுத்த வாக்குமூலம் அது. இந்த ஒரு வழக்கு மட்டும் தனியே தொங்கியது. ஒரே சாட்சியம் பன்னிரண்டில் பொய், ஒன்றில் மெய் என்று இருக்க முடியாது என்பதால் சீராய்வுக்கும் பிந்தைய கடைசி வாய்ப்பான கியூரேட்டிவ் மனுவில் 2025 நவம்பர் 11 அன்று அதிலும் விடுதலை. பச்சன் சிங், மச்சி சிங், சீராய்வு, கருணை என்று எல்லாச் சல்லடையையும் தாண்டி வந்த வழக்கு இது. 2014-ல் அந்தத் தடை சில மணி நேரம் பிந்தியிருந்தால், இந்த விடுதலையை எழுத வேண்டிய தேவையே யாருக்கும் வந்திருக்காது.

இந்தியாவில் தவறாகத் தண்டிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரச் சட்டம் கிடையாது. சட்ட ஆணையம் 2018-ல் 277-வது அறிக்கையில் அப்படியொரு சட்டத்தைக் கேட்டது, இயற்றவில்லை. நிதாரியின் பெற்றோருக்கும் ஒன்றுமில்லை. தங்கள் குழந்தைகளைக் கொன்றது யார் என்று இத்தனை ஆண்டு விசாரணைக்குப் பிறகும் நிறுவப்படவில்லை என்பதை அந்த நவம்பர் தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் வருத்தத்தோடு பதிவு செய்திருக்கிறது.